காலிப் பையோடு வந்த அப்பா

அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து வந்து இறங்கிய சனிக்கிழமை காலை, திருநெல்வேலி சந்திப்பில் மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் தோளில் புத்தம் புதிய நீலப் பை ஒன்று துவண்டு தொங்கியது.

"என்னப்பா இது, காலியா இருக்கு?"

"உன் துணிமணிக்குத்தான். இங்க மூணு வருஷம் இருந்தது போதும்மா. திங்கக்கிழமை ஆபீஸ்ல மாற்றல் கேட்டுடு. பாதியை இப்பவே எடுத்துட்டுப் போயிடறோம்."

நான் மாற்றல் கேட்பதாக இல்லை. வேலைக்காக மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து சேர்ந்த ஊர்தான். எப்படியோ என் ஊராகிவிட்டது. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டினால் போதும், ஊரே எனக்காகப் பேசிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கில் மழை இல்லை.

வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் குடையோடு ஓடிவந்தார். மேலப்பாளையத்துக்காரர். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே பழக்கம். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க அண்ணாச்சி, பைய வாங்க. தரை வழுக்குது."

அப்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "பரவால்ல, நானே எடுத்துக்கறேன்."

காரில் உட்கார்ந்ததும் என்னிடம் கிசுகிசுத்தார். "என்னைப் பார்த்தா மளிகைக் கடைக்காரர் மாதிரியா இருக்கு?" சென்னையில் அண்ணாச்சி என்றால் தெருமுனை மளிகைக் கடைதான். இங்கே அது மரியாதைப்பா என்று விளக்கினேன். காலமெல்லாம் அலுவலகத்தில் 'சார்' ஆகவே இருந்தவருக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

வீட்டில் இட்லியை முடித்துவிட்டு, பாபநாசம் அருவியில் குளிக்கலாம் என்று கிளம்பினோம். துண்டும் மாற்றுத்துணியும் நீலப் பைக்குள் போயின. வழியெல்லாம் மழை. அண்ணன் மட்டும் அசரவில்லை. "இப்ப வெறிச்சிரும் பாருங்க," என்றார் சேரன்மகாதேவியில். வெறிப்பதாவது, நிற்பதாவது! அம்பாசமுத்திரத்திலும் அதையே சொன்னார். வைப்பரை வேகமாக்கிவிட்டு மறுபடியும் சொன்னார். பாபநாசத்தில் வனத்துறைக் காவலர் ஒருவர் மழைக்கோட்டோடு வந்து, அருவியில் தண்ணீர் தாறுமாறாக வருகிறது, இன்றைக்கு யாரும் போக முடியாது என்று திருப்பி அனுப்பினார்.

சரி, ஆற்றையாவது பார்ப்போம் என்று கோயில் படித்துறைப் பக்கம் போனோம். பூ விற்கும் அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஐயா, பைய இறங்குங்க! பாசி கெடக்கு!"

அப்பா ஜிப்பைச் சரிபார்த்துவிட்டுப் பையை இன்னும் இறுக்கினார். அப்போது அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழவில்லை. அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். "இந்த ஊர்ல எல்லாருக்கும் என் பைமேலதான் கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை காட்டுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. மணிமுத்தாறிலும் குளிக்கத் தடை. கடைசியில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முங்கும். ஊர்ச்சனம் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வரும். அன்றைக்குக் கோயிலின் உச்சி மட்டும் செம்மண் நிறத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு பதறினாள். "ஐயையோ, சாமி?"

"அதெல்லாம் முந்தியே மேலக் கோயிலுக்குக் கொண்டு போயிருப்பாங்கக்கா. வருசா வருசம் நடக்கதுதான்," என்றார் அண்ணன், தம் வீட்டு விஷயம் போல.

கிட்டே போய்ப் பார்க்க அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. தோளில் நீலப் பையோடு சகதிச் சரிவில் காலை வைத்தார். அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். "அண்ணாச்சி, பைய! பைய!"

அப்பா இரண்டு கையாலும் பையைத் தலைக்கு மேலே தூக்கினார். பிடிமானம் போயிற்று. சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் உட்கார்ந்தார். பை மட்டும் மேலேயே இருந்தது.

அண்ணன் ஓடிப்போய்த் தூக்கினார். "பையன்னு கத்துதேன்லா, கேக்க மாட்டேங்கியளே!"

"பையத்தானேய்யா பிடிச்சுட்டிருக்கேன்! ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டிருக்கேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. தினமும் காதில் விழுந்து பழகிப்போனதால், புதிதாகக் கேட்பவருக்கு அது என்னவாக விழும் என்று நான் நினைக்கவே இல்லை. விளக்கிச் சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சேறும் சகதியுமாக நின்ற அப்பாவும் கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மழையில் நால்வரும் பைத்தியம் பிடித்த மாதிரி நின்றோம். அந்தக் கிறுகிறுப்பில்தான் என் வாய் திறந்துகொண்டது.

"அப்பா, நான் வரலப்பா. எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. இங்கயே இருக்கேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அண்ணன் காரைத் திருப்பப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா நீலப் பையில் தெறித்திருந்த சேற்றைத் தாமே துடைத்தார். அம்மா அதில் அல்வாவையும் கருப்பட்டியையும் அடுக்கினாள். என் துணி எதையும் இருவரும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

மாலை ரயில் நிலையத்துக்குப் போனபோது மழை நின்றிருந்தது. "நாந்தான் சொன்னேம்லா, வெறிச்சிரும்னு!" என்று அண்ணன் என்னவோ தாமே நிறுத்தியது போலப் பெருமைப்பட்டுக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு ஏறினாள்.

வண்டி நகர்ந்தது. திடீரென்று அப்பா கதவருகே வந்து நின்று கத்தினார். "பைய! பைய!"

எனக்கு உயிரே போய்விட்டது. பையை விட்டுவிட்டாரா? திரும்பி ஓடி, நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. "இங்க இல்லப்பா! உள்ள பாருங்க!" என்று கூவிக்கொண்டே வண்டியோடு ஓடினேன். பின்னால் அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்பா தோளிலிருந்த நீலப் பையைத் தட்டிக் காட்டினார். "பையை இல்லம்மா! பைய! பைய வா! ஒண்ணும் அவசரமில்ல!"