பெட்டி அங்கே, தட்டு இங்கே

உங்கள் வீட்டில் கிராமபோன் பெட்டி இருக்கிறதா? இருந்தால், அது பாடும்போது யாரைக் கூடத்தில் உட்கார வைக்கிறீர்கள், யாரை வாசலோடு நிறுத்துகிறீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். சித்தூரில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் கிருபானந்தம் வாத்தியாரின் கதையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாத்தியாரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் உண்டு. அவற்றைப் போட்டுக் கேட்கக் கிராமபோன் கிடையாது. ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கிறது. "குதிர வாங்காம லாடம் வாங்கறாரு" என்று அவர் மனைவி தபீதாளே சொல்வாள். அவரோ, "பெட்டி எந்தக் கடையிலயும் கெடைக்கும். இந்தப் பிளேட்டு எந்தக் கடையில கெடைக்கும்?" என்பார். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, பெட்டி வாங்க அவர் சம்பளம் போதாது என்பது.

தட்டுகளுக்கு மட்டும் எப்படிப் போதியது? துரைமார் வீடுகளில் படித்து எறிந்த ஆங்கிலப் பத்திரிகைகளை அவர் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து விளம்பரங்களைப் படிப்பார். கம்பெனிகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட தட்டுகள், உறை கிழிந்தவை, யாரோ வாங்கி அலுத்து விற்றவை எல்லாம் லண்டன் கடைகளில் கால் விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு தட்டை வரவழைத்தால் கப்பல் கூலியும் துறைமுகத் தீர்வையும் தட்டின் விலையை விழுங்கிவிடும். அதனால் சித்தூர், ரேணிகுண்டா, திருப்பதியில் பெட்டி வைத்திருக்கும் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு பங்கு, ஒரே மரப்பெட்டி, மலிவான கப்பல். கடிதம் எழுதுவது, போஸ்டல் ஆர்டர் எடுப்பது, சென்னைத் துறைமுகத்தோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவர் வேலை. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் எழுதுவார்: "என் தட்டை எல்லாவற்றுக்கும் அடியில் வையுங்கள்." அடியில் இருப்பதுதான் முதலில் உடையும். தம்மை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்று அப்படிச் செய்தார். எத்தனையோ முறை அவர் பங்குக்குச் சில்லுதான் வந்தது.

மூன்று கிறிஸ்துமஸுக்கு முன் ஓர் அமெரிக்கப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும் முன்பு தம் பெட்டியைத் திடலில் வைத்து ஒரு தட்டைப் போட்டார். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கூடிப் பாடியது. தரையில் உட்கார்ந்து கேட்ட கிருபானந்தத்துக்கு அந்தக் குரல்கள் தம் சேரித் தெருவிலிருந்தே வருவது போலிருந்தது. ஒரே ஒரு தடவைதான். பாதிரியாரோடு தட்டும் கப்பலேறிவிட்டது. அன்று முதல் வாத்தியார் லண்டன் விளம்பரங்களில் அதையே தேடினார்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் ஏசுரத்தினம், ஓய்வு பெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். மதம் மாறி நான்கு தலைமுறையாகியும் சாதி மாறாத குடும்பம். அவர் வீட்டுக் கிராமபோன் பீரோ மாதிரி கதவு வைத்தது. அவருக்கும் அந்தத் தட்டின் மேல் ஆசை விழுந்தது. சென்னைக் கடைகளுக்கு முழு விலையையும் முன்பணமாகக் கட்டியும் கிடைக்கவில்லை. "மூணாங்கிளாஸ் வாத்தியானுக்கு லண்டன்லேர்ந்து பார்சல் வருது, எனக்கு வர்ல!" என்று புழுங்கிக்கொண்டே பன்னிரண்டில் ஒரு பங்கு போட்டார்.

மரப்பெட்டி வந்தால் அதை ஏசுரத்தினம் வீட்டில்தான் பிரிப்பார்கள். மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். வாத்தியாருக்குப் படிக்குக் கீழே, பாதாம் மரத்தடி. பாட்டுக் கேட்கப் போனால் மற்றப் பத்து வீடுகளிலும் இதேதான். ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டகை, ஒரு வீட்டில் சாக்கடை ஓரம். பதினோரு வீட்டிலும் படி இருந்தது. திருப்பதி மலைக்கோயில் வாசல் இவருக்குத் திறக்காது என்பது தெரிந்த கதை. அந்தச் சாமியை விட்டு வந்து ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்னும் இடத்திலும் படி அப்படியே இருக்கிறது என்றால், ஞானஸ்நானத் தண்ணீர் எதைத்தான் கழுவியது?

சென்ற வைகாசியில் வாத்தியார் பங்குக்கு அந்தத் தட்டு வந்தது. அடியில்தான் இருந்தது. கீறல்கூட இல்லை.

ஏசுரத்தினம் தாழ்வாரத்தில் நின்று கையை நீட்டினார். "குடுப்பா. நீ மரத்தடியில உக்காரு. ஜன்னல தொறந்து வைக்கிறேன், நல்லா கேக்கும்."

"இல்லீங்க ஐயா. இத உள்ள உக்காந்துதான் கேக்கணும்."

"இன்னா புதுசா பேசற? இத்தன வருசமா இனிச்ச மரத்தடி இன்னிக்குக் கசக்குதா?"

"அப்பவும் கசப்புதாங்க. முழுங்கிக்கினு இருந்தேன்."

ரேணிகுண்டா ரயில்வே கார்டு கோவர்த்தனன் சமாதானத்துக்கு வந்தார். "ஏமி வாத்தியாரே! பாட்டு காதுக்குத்தானே, நாற்காலிக்கா?"

"காதுக்குத்தான் சார். அப்ப நீங்க எறங்கி மரத்தடிக்கு வாங்க, நான் உங்க நாற்காலில உக்காந்துக்கறேன்."

யாரும் இறங்கவில்லை.

"இன்னா வெல வேணும், சொல்லு. பத்து மடங்கு தரேன்" என்றார் ஏசுரத்தினம்.

"விக்க வர்லீங்க. கேக்க வந்தேன்."

தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாத்தியார் வீடு திரும்பினார். பதினோரு பேரும் கூட்டை முறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு லண்டனுக்குக் கடிதம் போகவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வயிறுகள் எரிந்தன. பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தப் பீரோப் பெட்டி பாடுவது காதில் விழுந்தால் வாத்தியார் நடையை எட்டிப் போடுவார். ஆராதனையில் வாத்தியாரின் பின்தலையைப் பார்த்தால் ஏசுரத்தினத்துக்கு ஜெபம் மறக்கும். மூன்றாவதாக ஒரு வயிறும் எரிந்தது. தட்டு உடையாமலிருக்க வாத்தியார் அதைத் தபீதாளின் கல்யாணச் சேலையில் சுற்றி வைத்திருந்தார். "என் சேலய அவளுக்குக் கட்டி உட்டுட்டாரு. தெனம் ஒருவாட்டி அவுத்துப் பாக்கறாரு. என்னப் பாத்து எத்தன நாளாச்சி!" என்று அடுத்த வீட்டு ஜெயம்மாவிடம் முறையிட்டாள்.

தபீதாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. ஆவணியில் ஏசுரத்தினத்தின் மகள் லோயிஸுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டு ஒரு நாளாகியும் குழந்தை வராததால் தபீதாளைக் கூப்பிட்டார்கள். போய் இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டு வந்தாள்.

வந்தவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ முனகினாள். வாத்தியார் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார்.

"இன்னா பாட்டு அது?"

"எதுங்க?"

"இப்ப வாயில வந்திச்சே."

"அதுவா? உங்க ஆசைநாயகி பாட்டு."

வாத்தியார் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். தட்டு இருந்தது. சேலையின் மடிப்புதான் வேறாக இருந்தது.

"எடுத்துக்கினு போனியா?"

"போனேன். மருந்துப் பைல வெச்சி. எனக்குப் போட்டியா வந்தவ அப்படி இன்னாதான் பாடறான்னு பாக்க வேணாமா?" என்றவள் நடந்ததைச் சொன்னாள். "கொழந்த கால் முன்னாடி வந்திச்சி. எடுத்துக் கைல குடுத்தேன். ஐயா அழுதுட்டாரு. பட்டுச்சேல கொண்டாந்தாரு. சேல வேணாங்க, இத ஒருவாட்டி போடுங்க, நான் உக்காந்து கேக்கணும்னேன். பிளேட்டப் பாத்ததும் கைய நீட்டி வாங்கிக்கினாரு. அவரே நாற்காலி இழுத்துப் போட்டாரு, கூடத்துல."

"கேட்டாரா?"

"கண்ண மூடிக்கினு கேட்டாரு."

"லோயிஸு?"

"உள்ள படுத்துக்கினு கேட்டுச்சி. தோட்டக்கார சின்னசாமி ஜன்னலாண்ட நின்னு கேட்டான்."

"கொழந்த?"

"அழுதுக்கினே இருந்தது நிறுத்திடிச்சி."

வாத்தியார் எழுந்துவிட்டார். "பொறந்து ஒரு நாள் ஆவல, அதுகூடக் கேட்டுடிச்சி! மூணு வருசமா தேடினவன் நான். நான் மட்டும் இன்னும் திரும்பக் கேக்கல!"

"மொதல்ல துன்னுங்க. துன்னுட்டுக் கோவிச்சுக்கோங்க."

"பாட்டுகூடப் போவட்டும், தபீதா. நீ நாற்காலில உக்காந்த பாரு, அதுதான் எரியுது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்காகத்தான் அதயும் கேட்டேன். அடுத்தவாட்டி எங்க வூட்டுக்காரரும் இதே நாற்காலில உக்காருவாருன்னேன். 'நீ மருத்துவச்சிம்மா, அது வேற'ன்னாரு."

என்ன வேறு? குழந்தையைப் பிடித்த கை உள்ளே வரலாம். அந்தக் கையைப் பிடித்தவன் வரக் கூடாது. சாவு பயம் வந்தால் திறக்கிற கதவு, பயம் தெளிந்ததும் மூடிக்கொள்கிறது. இதற்கு எந்த வேதத்தில் வசனம் இருக்கிறது என்று ஏசுரத்தினம் காட்டட்டும். காட்டினால் அந்த வேதத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்போம்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாத்தியார் மெல்லக் கேட்டார்: "எப்படி இருந்திச்சி?"

"சொல்லட்டுமா, பாடிக் காட்டட்டுமா?"

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம். நானே கேக்கணும்."

ஒருமுறை கேட்டதில் ஏசுரத்தினத்தின் பசி தீரவில்லை, ஏறிவிட்டது. மறுவாரமே சின்னசாமியை அனுப்பினார். "பொழுது சாஞ்சி பின்வாசலா வரச் சொல்றாருங்க. அடுப்பங்கரை பக்கத்துல பலகை போடறாராம்."

"அந்தப் பலகை நகந்து நகந்து கூடத்துக்கு வரட்டும். அப்ப நானும் வரேன்னு சொல்லு" என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று வரை பலகை நகரவில்லை. தட்டு சேலைக்குள் இருக்கிறது. கடல் தாண்டி அதை மலிவாக வரவழைக்க வழி கண்ட மனிதருக்கு ஒரு வாசற்படியைத் தாண்ட வழியில்லை.

என்னிடம் பெட்டி இல்லை. இருந்தால் இதை எழுதும் நேரத்தில் அவரைக் கூப்பிட்டிருப்பேன். உங்களிடம் இருக்கிறது. சித்தூரோ, புத்தூரோ, திருச்சானூரோ, எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்த வாரமே கிருபானந்தம் வாத்தியாருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். தட்டை அவர் கொண்டுவருவார். வாசலுக்கு வந்து அழைத்துக்கொண்டு போய்க் கூடத்தில் இரண்டு நாற்காலி போடுங்கள், தபீதாளும் கூட வருவாள். இருவரும் உட்காரட்டும். அதன் பிறகு பெட்டிக்குச் சாவி கொடுங்கள்.