தாஜுன்னிசா திருத்தி எழுதிய சிபாரிசு

கோட்டைமேட்டில் அத்தர்க் கடை வைத்திருந்த ஷேக் பரீதின் மூத்த மகள் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கிற வேலைக்குப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஷேக் பரீத் மட்டும், "மூக்கு நல்லா இருக்கறவளுக்குத்தான் அந்த வேலை சரிப்படும்" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குக் குப்பிகளைத் துடைத்தார். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது பலித்துவிட்டது. சூலூருக்குக் கிழக்கே ஒரு சின்ன நகராட்சியின் கழிவுநீர் நிலையத்தில் தாஜுன்னிசா பதினான்கு வருஷமாகக் கெமிஸ்ட். தொட்டி ஓரமாக நடந்து போகும்போதே, இன்றைக்குக் காற்று சரியாக ஊதவில்லை, நேற்றுக் கசடு எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவாள். சோதனைக் கூடத்துக் குடுவைகள் அப்புறம் சாவகாசமாக அதையே சொல்லும்.

தண்ணீரைச் சுத்தம் செய்வதில் அவளுக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. சுத்தம் செய்தபின் அடியில் தங்குகிற கறுப்புக் கசடுதான் தீராத தலைவலி. நூறு குடம் கசடு எடுத்தால் அதில் தொண்ணூற்றெட்டுக் குடம் தண்ணீர். அதை மணல் பாத்திகளில் பரப்பி வெயிலில் காயவிடுவார்கள். சித்திரையில் பத்தே நாளில் ஓடு ஓடாய் வெடித்துக் காய்ந்துவிடும். ஐப்பசி பிறந்தால் அவ்வளவுதான். இன்று காய்ந்ததை நாளைய மழை கரைக்கும். பாத்தி நிறைந்துவிட்டால் தொட்டியிலிருந்து கசடை எடுக்க வழியில்லை. எடுக்காவிட்டால் வெளியே போகிற தண்ணீர் கலங்கும். அந்தக் கலங்கலின் அளவை அவள் உள்ளது உள்ளபடி எழுதி மேலே அனுப்புவாள். ஒருமுறைகூடக் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. அதனால் வருஷா வருஷம் மழைக்காலத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கும் அவளே பதில் எழுதுவாள்.

அந்த வருஷம், கசடைப் பிழிந்து தண்ணீர் எடுக்கிற மெஷின் ஒன்று வாங்க அனுமதி வந்தது. பொறுப்பு, சரவணம்பட்டியிலிருந்து தினமும் வந்து போகும் நகராட்சி என்ஜினியர் உதய்க்கு. சுறுசுறுப்பான ஆள், எதையும் நாள் கடத்தமாட்டார். "கசடோட குணம் உங்களுக்குத்தானுங்க தெரியும். எந்த மெஷின்னு நீங்களே எழுதிக் கொடுங்க மேடம்" என்றார்.

தாஜுன்னிசா பெரிய ஊர் நிலையம் ஒன்றுக்குப் போய் சென்ட்ரிஃபியூஜ் ஓடுவதைப் பார்த்தாள். உருளை ஒன்று அசுர வேகத்தில் சுழன்று தண்ணீரை ஒரு பக்கமும் கசடை இன்னொரு பக்கமும் பிரித்துத் தள்ளியது. கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கசடை எடுத்துப் பார்த்தாள். ஈரமண் கட்டி மாதிரி உதிர்ந்தது. பதினான்கு வருஷமாகப் பாத்தியில் கால் புதையப் புதைய நின்றவளுக்கு அதைக் கீழே போட மனசே வரவில்லை. திரும்பி வந்து நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெதுவாகத் திருகிப் பிழிகிற ஸ்க்ரூ பிரஸ் என்ற இன்னொரு மெஷினைப் பற்றி அதில் ஒரே வரிதான்: வேகம் போதாது.

ஆனால் ஒன்று கேட்டாள். கம்பெனிக்காரர்கள் லாரியில் வைத்துக் கொண்டுவருகிற சோதனை மெஷின்களை, மழை நாளில், இங்கே ஓட்டிக் காட்டவேண்டும்.

"எதுக்குங்க மேடம், அதான் நீங்களே எழுதிட்டீங்களே?"

"நான் பார்த்தது வேற ஊர்ச் சகதிங்க. நம்முளுது எப்படி நடந்துக்குதுன்னும் ஒருக்கா பார்த்துப்போடலாமுங்க."

கார்த்திகை மாதம் சோதனைக்கு முதலில் சென்ட்ரிஃபியூஜ் வந்து இறங்கியது. முதல் நாள் கம்பெனி ஆளே ஓட்டினார். ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் அவரை ஆபீஸில் உட்காரச் சொல்லிவிட்டு அங்கப்பனிடம் விட்டாள். அங்கப்பன் ஷிப்ட் ஆபரேட்டர். தறி ஓட்டிக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்தவர். பம்ப், தொட்டி, பாத்தி என்று ஒரு ஷிப்டுக்கு அவர் ஒருவர்தான். நன்றாகத்தான் ஓட்டினார். பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் காற்று ஊதுகிற மோட்டாருக்கு மட்டும்தான். உருளை மெல்ல மெல்ல வேகம் தணிந்து நின்றது; உள்ளே இருந்த கசடு ஒரு பக்கமாகப் படிந்தது. கரண்ட் வந்து மறுபடி ஓட்டியபோது மேடையே ஆடியது. அங்கப்பன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். கம்பெனி ஆள் ஓடிவந்து இரண்டு மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார்.

"மெஷின் மேல தப்பு இல்லீங்க மேடம். பெரிய ஜெனரேட்டரும், பழகின ஃபிட்டரும் இருந்தா இது ராஜா மாதிரி ஓடும்" என்றார். அது உண்மை என்று தாஜுன்னிசாவுக்கும் தெரிந்தது. அந்த இரண்டும் இங்கே இல்லை என்பதும் தெரிந்தது.

"மழைக்காலத்துல வாரத்துக்கு எத்தனை தடவைங்ணா கரண்ட் போகும்?" என்று அங்கப்பனைக் கேட்டாள்.

"எண்ணறதில்லீங்க அம்மணி."

அடுத்து வந்தது பெல்ட் பிரஸ். இரண்டு துணிப் பட்டைகளுக்கு நடுவில் கசடை வைத்து நசுக்கியது. பிழிந்தது சரிதான்; ஆனால் பட்டையைக் கழுவத் தண்ணீரும், பக்கத்திலேயே நிற்க ஓர் ஆளும் கேட்டது. அங்கப்பன் நகரவே முடியவில்லை.

கடைசியாக வந்த ஸ்க்ரூ பிரஸ் அவ்வளவு மெதுவாகச் சுற்றியது. நின்றுவிட்டதோ என்று தாஜுன்னிசா குனிந்து பார்த்தாள். வெளியே வந்த கசடு சென்ட்ரிஃபியூஜ் அளவுக்குக் காயவில்லை. ஆனாலும் கம்பெனி அட்டையில் சொன்னதைவிட நன்றாகவே பிழிந்திருந்தது. ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. இது தறி ஓடுகிற ஊர்; வீடு வீடாகத் துணி துவைத்த தண்ணீரில் பஞ்சும் நூலும் வருகின்றன. அந்த நார்கள் கசடைப் பிடித்துக்கொள்ள, திருகு நன்றாக அழுத்துகிறது. அன்றைக்கும் கரண்ட் போயிற்று. நின்றது. வந்தது. மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

"என்னங்ணா சொல்றீங்க?"

"சொல்றதுக்கு என்னுங்க இருக்குது? அது பாட்டுக்கு ஓடுது. நான் பம்பெல்லாம் ஒரு சுத்துப் பார்த்துப்போட்டு, டீயும் குடிச்சுட்டு வந்துட்டேன்."

வீட்டில் அன்று சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். கணவன் முஜீப் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். என்ன என்று கேட்டார்.

"நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா, இவளுக்கு என்ன தெரியும்னுதானே நினைப்பாங்க?"

முஜீப் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். "தப்பா மாட்டின பாகத்த நான் திரும்பக் கழட்டுவேன். கடையில ஆள் நிக்கும்போதேதான் கழட்டுவேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. மெஷின் தைச்சாப் போதும் அவங்களுக்கு."

மெஷினை முடிவு செய்கிற நகராட்சிக் கூட்டத்தில் உதய் ஏற்கனவே சென்ட்ரிஃபியூஜ் வாங்குகிற கோப்பைத் தயாராக வைத்திருந்தார். தாஜுன்னிசா எழுந்து, "என்னோட சிபாரிசை நான் வாபஸ் வாங்கிக்கறேனுங்க" என்றாள்.

உதய் முகம் சுண்டிவிட்டது. "போன மாசம் நீங்க எழுதினதுங்க மேடம் இது."

"ஆமாங்க, நாந்தான் எழுதினேன். அது வேற ஊர்ல பார்த்து எழுதினது. இது நம்ம ஊர்ல ஓட்டிப் பார்த்து எழுதினது" என்று புதிதாக எழுதிய இரண்டு பக்கத்தை நீட்டினாள். ஒரு சென்ட்ரிஃபியூஜுக்குப் பதில் இரண்டு ஸ்க்ரூ பிரஸ். ஒன்று பழுதானால் மற்றது ஓடும்.

"ஈரம் அதிகம்னா கசடு ஏத்திட்டுப் போற லாரி நடையும் அதிகமாகுமே?" என்றார் உதய்.

"நாலு நடை போற எடத்துல அஞ்சு நடை போகுமுங்க. அதை மறைக்கல, எழுதியிருக்கேன்."

உதய் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். தாஜுன்னிசா வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை காலை உதய் சொல்லாமல் கொள்ளாமல் நிலையத்துக்கு வந்தார். அங்கப்பனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இன்னும் திருப்பி அனுப்பாத ஸ்க்ரூ பிரஸ்ஸைத் தானே ஓட்டினார். நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது போய் மெயின் சுவிட்சை அணைத்தார். இருபது நிமிஷம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பப் போட்டார். மெஷின் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. சட்டையெல்லாம் கசடு தெறித்திருக்க, சோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"கோப்பை நான் திருத்திக்கறேனுங்க மேடம். அந்த ரெண்டு பக்கத்துல ஒரு இடத்துல கையெழுத்து விட்டுப்போச்சு. போட்டுக் கொடுங்க."

அடுத்த ஆவணியில் இரண்டு மெஷின்களும் வந்து சேர்ந்தன. ஐப்பசியில் ஒன்றின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மற்றது ஓடிக்கொண்டிருக்க, அங்கப்பனே கழற்றி ஊதி மாட்டினார். பாத்திகள் பாதி காலியாகக் கிடந்தன. வெளியே போகிற தண்ணீரின் எண்கள் மழை முழுக்க அளவுக்குள்ளேயே இருந்தன. அவள் பழக்கம் மாறாமல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துத்தான் எழுதினாள்.

கார்த்திகையில் தாஜுன்னிசா ஒரு வாரம் லீவு போட்டாள். வேலைக்குச் சேர்ந்து மழைக்காலத்தில் எடுத்த முதல் லீவு. திண்டுக்கல்லில் புதுக் குடித்தனம் வைத்திருந்த மகள் இஃப்ரா வீட்டுக்குப் போய், இரண்டு நாள் தூங்கியும் சமைத்தும் கழித்தாள். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அங்கப்பனுக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. மழை நல்லாப் பேயுது. நீங்க இருந்துட்டே வாங்க" என்றார் அவர்.

அவள் போனை வைத்துவிட்டு, மகள் கொண்டுவந்த காபியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.