மிச்ச மாத்திரையும் நல்ல ரிப்போர்ட்டும்

இரண்டு வாரம் முன்னால், மதுரையில் கண் டாக்டர் எதிரே உட்கார்ந்து நான் முழித்த முழி இருக்கிறதே... அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

என் வீட்டுக்காரர் சகாயம் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக வலது கண் சிவந்து, பார்வை மங்கல். எங்கள் ஊரில் மங்கலாகத் தெரிந்தால் யார் கண்ணைச் சந்தேகப்படுவார்கள்? மூடுபனி என்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார், மனுஷர்!

மதுரையில் கொண்டுபோய்க் காட்டினால், கண்ணுக்குள் அழற்சியாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணைத் தாக்குகிறதாம். காரணத்தை ரத்தத்தில் பார்த்த பிறகுதான் மாத்திரை. அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். ஓட்டக் கூடாதா? சீசன் நேரத்திலா?

டெஸ்ட்டுக்கு நான்கு நாள் முன்பு வலியில் துடித்தார். மலைக்குளிரில் வீசிங் மாத்திரை இல்லாத வீடு ஏது? எனக்கு எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டில் அரை அட்டை மிச்சம் இருந்தது. "வீக்கத்துக்குத்தானே... போடுங்க, வெரசா கேக்கும்" என்று நீட்டினேன். கேட்டதே! மூன்றாம் நாள் கண் வெள்ளை வெளேர். ரத்த ரிப்போர்ட்டும் சுத்தம் என்றே நினைத்தோம். மதுரை பஸ்ஸில், வத்தலக்குண்டு வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பிரேக் போடுகிறாராம்!

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"அழற்சியைக் காட்டுற அளவு எறங்கியிருக்கு. வெள்ளணு மட்டும் ஏறியிருக்கு. ஸ்டீராய்டு போட்டா இப்படி ஆகும். ஏதாவது போட்டீங்களாய்யா?"

"வலி தாங்கலைங்க. நானா கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்றார் இவர்.

பொய்! என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லை. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "நான்தாங்க டாக்டர் குடுத்தேன்."

அவர் திட்டவில்லை. "இது ரத்தம் சொல்ற பதில் இல்லம்மா, மாத்திரை சொல்ற பதில். நோய் உள்ள பதுங்கிக் கெடக்கு. காரணம் தெரியாம விட்டா மறுபடி மறுபடி வரும். பார்வையே போயிரும்."

மாத்திரையை நிறுத்தி, சொட்டு மருந்து மட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். "அதுவரைக்கும் ஸ்டியரிங்?" என்று இவர் இழுத்தார். தொடவே கூடாதாம்.

தொடாமல் இருப்பாரா? தினமும் வெள்ளனே எழுந்து வண்டியைத் துடைக்கிறார். நேற்று இன்ஜின் சத்தம் கேட்டு ஓடினேன்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல புள்ள. பேட்டரி எறங்கிரும்ல."

ஸ்டியரிங்கிலிருந்து கை வரவில்லை. பக்கத்து சீட்டில் நானும் ஏறி உட்கார்ந்தேன். "இந்தா, பக்கத்துல வில்பட்டி வரைக்கும் போய்ட்டு வந்தாக்கூடப் போதும்" என்றார். பிறகு அவரே சாவியைத் திருப்பி அணைத்தார்.

நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். புருஷன் ரிப்போர்ட் மோசமாக வரட்டும் என்று முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிற ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்!