பீட்சாக் கடை வேண்டாம்

டிசைன் பேட்டர்ன் தெரிந்தவர்களைத்தான் புது புராஜெக்டில் சேர்ப்பேன் என்று எங்கள் டீம் லீட் சொல்லிவிட்டார். திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. நிரல் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு முன்னால் போனவர்கள் கண்டு வைத்த தீர்வுகள், அவ்வளவுதான் இந்தப் பேட்டர்ன்கள். ஆனால் அவர் அனுப்பிய வீடியோ, புத்தகம் எல்லாவற்றிலும் உதாரணம் ஒரே பீட்சாக் கடை. மாவு, சீஸ், டாப்பிங். கீரனூரில் வளர்ந்தவளுக்கு எதற்கு இந்தத் தண்டனை? பசி வந்ததே தவிர பாடம் வரவில்லை. எனக்கு மூளை மட்டு என்றே நம்பத் தொடங்கிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

திருச்சி போகும் எங்கள் காலைப் பேருந்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. புதுக்கோட்டையில் ஏறும் அக்கா "வண்டி எடுத்தாச்சு" என்று போடுவார். அதைப் பார்த்த பிறகுதான் கீரனூர்க்காரர்கள் வீட்டை விட்டே கிளம்புவோம். யாரும் நிறுத்தத்தில் கால்கடுக்க நிற்பதில்லை. ஒருநாள் அந்தக் குழுவில் குவைத்திலிருந்து ஒரு குரல் பதிவு. கல்யாணமாகிப் போன பழைய பயணி பேசினார்.

"ஏங்க, நான் இங்கிட்டு வந்து எம்புட்டு நாளாச்சு! இன்னும் விடியுமுன்ன போன் அலறுது. குரூப்புலருந்து என்னையத் தூக்கிவிடுங்க."

தானாக விலகினால் கோபித்துக்கொண்டு போனதாக நினைப்போமே என்று இத்தனை நாள் பொறுத்திருக்கிறார். பேருந்தே சிரித்தது. நான் மட்டும் மடிக்கணினியைத் திறந்தேன். ஓட ஓடத் திணறிப்போகும் எங்கள் செயலியில், மூடிய திரைகளுக்கும் தகவல் போய்க்கொண்டே இருந்தது. அவற்றையும் யாரும் தூக்கிவிடவில்லை. சேதி வேண்டியவர்களைப் பட்டியலில் சேர்த்து, வேண்டாதபோது நீக்கும் 'அப்சர்வர்' பேட்டர்ன் என்று அந்த வீடியோக்கள் மூச்சுவிடாமல் சொன்னது இந்தக் குழுவைத்தான்!

சரிசெய்து காட்டினேன். புராஜெக்டில் சேர்த்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. பேருந்துக் குழுவை வைத்தே எழுதினேன். கூடவே, ஓட்டிப் பார்க்கவும் கெடுத்துப் பார்க்கவும் ஒரு குட்டி நிரல்.

லீட் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ் எதுக்குங்க? எல்லாருக்கும் புரியற மாதிரி பீட்சாக் கடைன்னு மாத்திடுங்க."

"எல்லாரும்னா யாரு சார்?"

"மாத்தலைன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்."

"குடுங்க சார். புராஜெக்டுலருந்தும் என்னை எடுத்துடுங்க. பீட்சாக் கடை புரியாம, தனக்கு மூளை மட்டுன்னு நெனச்சுக்கிட்டு எங்கயாவது ஒருத்தி ஒக்காந்திருப்பா. இது அவளுக்கு எழுதினது. நான் மாத்த மாட்டேன்."