அமுக்காமல் விட்ட கேசட்

பாட்டு முடிகிற நேரத்தில் பூபாலன் அண்ணன் வலது கையைக் கொஞ்சம் உயர்த்துவார். டீக்கடையானாலும் பஸ்ஸானாலும் அப்படித்தான். பாட்டு ஓடும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம், அவரே ஓயாமல் பேசுவார். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வாய் திறக்கும்போது மட்டும் சத்தம் வரக் கூடாது. மற்றவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு அறிவிப்பு வந்ததும் பேச்சைத் தொடங்குவார்கள். இவர் நேர் எதிர். ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கல்லூரிக்குள் இருக்கிறது எங்கள் சமுதாய வானொலி. மொத்தம் இரண்டு அறை. நான் பெருக்கித் துடைத்து டீ போட வந்தவள். பூபாலன் அண்ணன் மாலையில் இரண்டு மணி நேரம் பழைய பாட்டு போட்டுப் பேசுகிறவர். அறுபத்தாறு வயது. கருங்குழியில் வீடு. இரண்டு பஸ் மாறி வருவார். நான்கு மணிக்கே வந்து, யாரும் இல்லாத ஸ்டுடியோவில் மைக் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஸ்டுடியோ கதவில் 'செருப்பை வெளியே விடவும்' என்று நான் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன். ஒரு நாள் அதன் முன்னால் நின்றார்.

"இது யாரு எழுதனது?"

எங்கள் டெக்னீசியன் பிரவின்குமார்தான் என்னைக் கை காட்டினான்.

"எழுத்து குண்டு குண்டா கீது. இன்னா படிச்ச பாப்பா?"

"ஏழாவது."

"ஏழாவதுக்கே இப்டியா? என் எழுத்து டாக்டர் சீட்டு மாரி கீது. நாளைலேந்து கேசட்டுக்கெல்லாம் நீதான் பேரு எழுதற."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. வீட்டில் பழைய ஒலிநாடா இருந்தால் கொடுங்கள், கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்துகிறோம், கேட்டால் திருப்பித் தருகிறோம் என்று அவர் தினமும் நிகழ்ச்சியில் சொல்வார். ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்பாக்கம் குடியிருப்பில் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்கிறவர்கள் பை பையாகக் கொடுத்தார்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவேன். பிரவின்குமார் ஏற்றுவான். அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்பார். இரண்டு பக்கமும்.

எதற்காக அப்படிக் கேட்கிறார் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. என்னிடம் அவர் சொல்லவில்லை. பிரவின்குமாரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அவருக்குச் சிறு வயதிலிருந்தே ரேடியோதான் எல்லாம். தொழில் ரேடியோ செட். கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு போடுவது. சென்னை வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு என்று கேள்விப்பட்டு, செங்கல்பட்டில் ரயில் ஏறிப் போனார். துணைக்கு அவர் மனைவி அமிர்தவல்லியும் போனார். பத்தாவது முடித்தவர். கூப்பிட்ட ஆள் ஒருவர் வரவில்லை என்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லியிடமும் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் குரல் கரகரப்பு என்று விட்டுவிட்டார்கள். அமிர்தவல்லியை எடுத்துக்கொண்டார்கள்.

"ஒரு நாளு பேஜாராதான் இருந்துச்சு. மறுநாளே, எங்கூட்டுக்காரி ரேடியோல பேசப் போறான்னு ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன்" என்றார்.

அமிர்தவல்லிக்கு மாதத்தில் ஆறு நாள் வேலை. நேயர் விருப்பம் நடத்துவார். எழுதிப் போட்டவர்கள் பெயரைப் படித்துப் பாட்டு போடுவது. அந்த நேரத்தில் அண்ணன் வீட்டில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்துவிடுவார். பாட்டைப் பதிவு செய்தால் கல்யாண வீடுகளில் போடலாம். கல்யாண வீட்டில் யாருக்கும் அறிவிப்பு வேண்டாம். ஒலிநாடாவும் வீணாகக் கூடாது. அதனால் பாட்டு முடிந்து மனைவி வாயைத் திறக்கும் முன் பொத்தானை அமுக்கி நிறுத்துவார். அடுத்த பாட்டின் முதல் தந்தி அதிரும்போது விடுவார். ரேடியோ செட் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான். ஆனால் கை சுத்தத்தில் இவரை அடிக்க ஆளில்லையாம்.

"ஒரு எழுத்து வராது. பதினோரு வருசம் அமுக்கிகீறேன், அவ குரலு ஒரு எழுத்து உள்ள வரல. மத்த செட்டுக்காரனுங்க எங்கிட்டதான் கேசட்டு வாங்கினு போவானுங்க."

"அக்கா ஒண்ணும் சொல்லலையாண்ணா?" என்று கேட்டான் பிரவின்குமார்.

"சொல்லாம வுடுவாளா? 'இன்னாய்யா, ஊரே நான் பேசறத கேக்குது, நீ மட்டும் என் வாய அமுக்கற'ன்னுவா. 'நீதான் வூட்டுக்கு வந்து பேசப் போறியேடி, அதுக்கு வேற டேப்பு செலவு பண்ணணுமா'ன்னு சொல்வேன்."

அமிர்தவல்லி பதின்மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் படுத்தார். எட்டே நாளில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அண்ணன் தன்னுடைய கேசட்டை எல்லாம் எடுத்து வைத்துக் கேட்டிருக்கிறார். முந்நூற்றுச் சொச்சம். எல்லாவற்றிலும் பாட்டு. நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம், மறுபடி பாட்டு.

நேயர் விருப்பம் நேரடியாகப் பேசிப் போகிற நிகழ்ச்சி. நிலையத்திலும் பதிவு இருக்காது, அன்றைக்குக் கேட்டவர்களோடு சரி. ஆனால் எங்காவது யாராவது அமுக்க மறந்திருப்பார்கள். அந்த ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஊராரின் கேசட்டை இத்தனை பொறுமையாகக் கேட்டது அதற்குத்தான். யாரும் மறந்திருக்கவில்லை. சிலதில் மட்டும் 'டக்'குக்கு முன்னால் ஒரு பெண் மூச்சு இழுக்கிற சத்தம் இருக்கும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அமிர்தவல்லியுடையதா, வேறு அறிவிப்பாளருடையதா என்று மூச்சை வைத்து எப்படிச் சொல்வது?

போன ஆடி மாதம், சாயங்கால நிகழ்ச்சிக்கு முன்னால் ஒருவர் வந்தார். ஜெகதீசன், மாமல்லபுரத்தில் சிற்பி. லுங்கியில் வெள்ளைத் தூள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் ஒரே ஒரு கேசட்.

"ரேடியோல நீங்க பழைய கேசட்டு கேக்கறீங்களேன்னு எடுத்தாந்தேன். இதுல பாட்டோட எல்லாம் கலந்து கெடக்குது. நல்லால்லன்னு யாரும் வாங்கல."

"இன்னா கலந்து கீது?"

"அப்போ எங்கிட்ட ரேடியோ தனி, டேப்பு தனி. எதுத்தாப்ல வச்சிட்டு நான் பாட்டுக்கு வேல செய்வேன். கை பூரா கல்லு தூளு. பட்டன அமுக்குனா தூளு பொட்டிக்குள்ள பூந்து கெட்டுடும்னு வுட்டுடுவேன். அது பாட்டுக்கு ஓடும்."

அண்ணன் கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடற்காற்றில் உள்ளே பூசணம் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாடாவை அழுத்துகிற சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துபோயிருந்தது. அப்படியே போட்டால் அறுந்துவிடும் என்றான் பிரவின்குமார். அண்ணன் வேறு ஒரு கேசட்டைத் திருகாணி கழற்றிப் பிரித்து, நாடாவை அதன் கூட்டுக்குள் மாற்றி வைத்தார். மாற்றும் முன் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு அவருடைய நிகழ்ச்சியில் முதல் அரைமணி பிரவின்குமார்தான் பாட்டு போட்டான்.

ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பாட்டு வந்தது, கூடவே உளிச் சத்தம், டங், டங் என்று. பாட்டு முடிந்தது. உளி மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்.

"அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள், மேலவலம்பேட்டையிலிருந்து வாசுதேவன், செங்கம்மாள், மதுராந்தகம் சின்னராசு மற்றும் குடும்பத்தார்…"

அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஜெகதீசன் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஓரிடத்தில் ஊரை மாற்றிப் படித்துவிட்டு, அந்தக் குரல் 'மன்னிக்கவும்' என்றது. அண்ணன் உரக்கச் சிரித்துவிட்டார்.

"மன்னிக்கவுமாம்! வூட்ல தப்பு பண்ணா ஒரு நாளு இத சொல்லி கேட்டதில்ல. கொயம்ப கொட்டிட்டு 'நீ ஏன் அங்க ஒக்காந்த'ன்னுதான் கேப்பா."

"உங்க வூட்டுக்காரம்மாவா?" என்றார் ஜெகதீசன்.

"அவதான்."

மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையில் சிரிக்கவில்லை.

"எவ்ளோ அயகா பேசறா பாரு" என்றார் மெதுவாக. "ஊருக்குப் பேசனது இது. எங்கிட்ட இப்டி பேச மாட்டா. இது ரேடியோ. இத்தன வருசம் இதத்தான் தேடனேன்னு நென்ச்சிகினு இருந்தேன்."

அவர் எழுந்து ஸ்டுடியோவுக்குள் போய் மீதி நிகழ்ச்சியை நடத்தினார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பிரவின்குமார் கணினியில் உளிச் சத்தத்தை எடுத்துப் பார்த்தான். உளி குறைந்தது, கூடவே அமிர்தவல்லியின் குரலும் தண்ணீருக்குள் பேசுவது போல் மங்கிப்போயிற்று. அண்ணன் வேண்டாம் என்றார்.

"உளிய வுட்டுடுபா. அந்த மனுசன் கையில தூளு இருந்ததாலதான இவ கீறா."

அந்தக் கேசட்டை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஜெகதீசனிடம் கொடுத்தோம். அட்டையில் 'பாட்டு, உளிச் சத்தம், அறிவிப்பாளர் அமிர்தவல்லி' என்று எழுதினேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, உளி என்பதை முதலில் எழுது என்றார். வேறு அட்டை எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் நிகழ்ச்சியில் கேட்பது மாறிவிட்டது. பாட்டைப் பதிவு செய்யும்போது தவறிப்போய் உங்கள் வீட்டுச் சத்தம் ஏறியிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், கெட்டுப்போன கேசட் என்று தூக்கி எறியாதீர்கள் என்கிறார். ஜனங்களுக்கு முதலில் வெட்கம். இப்போது கொண்டுவருகிறார்கள். ஒருவர் அம்மா 'அந்தச் சனியன நிறுத்து' என்று கத்துகிறார். ஒன்றில் குக்கர் விசில். கல்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், செத்துப்போன தன் அப்பா பாட்டோடு சேர்ந்து தப்பாகப் பாடுவதை எங்கள் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள். டீ கொடுத்தேன்.

அமிர்தவல்லி வீட்டில் இருந்த நாட்களில் பதிந்ததில் அவர் பேச்சு எங்காவது ஏறியிருக்குமா என்று, அண்ணன் தன் முந்நூற்றுச் சொச்சம் கேசட்டையும் மறுபடி கேட்டு முடித்தார். அவர் ரேடியோவையும் டேப்பையும் ஒரே பெட்டியாக வைத்திருந்தார். பாட்டு நேராக நாடாவுக்குப் போகும், வெளிச் சத்தம் அதில் ஏறாது.

இன்றைய தேதிக்கு எங்கள் அலமாரியில் எழுநூற்று நாற்பது கேசட் இருக்கிறது. ஐந்நூற்றுப் பத்து கணினியில் ஏறிவிட்டது. அமிர்தவல்லி ரேடியோவில் பேசியது நான்கு நிமிடம் இருபது வினாடி கிடைத்திருக்கிறது. அவர் வீட்டில் பேசியது எதிலும் இல்லை. பூபாலன் அண்ணன் தினமும் நான்கு மணிக்கு வருகிறார்.