லீவுக்கு எடுத்து வைத்த மாம்பழம்

ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் மாம்பழத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். லாத்தாவை நினைத்தாலே அந்தத் தட்டோடுதான் என் கண்முன் வந்து நிற்கிறாள். லாத்தா என்றால் அக்கா. அப்படிக் கூப்பிட்டாலும் அவள் கூடப் பிறந்தவள் அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி. மேலப்பாளையத்தில் மாமனார் கட்டிய வீட்டில் ஒரே அடுப்படியில், ஒரே ஃப்ரிட்ஜில் பதினோரு வருடம் இருவரும் புழங்கினோம். அந்தப் பதினோரு வருடமும் அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போது ஆளுக்கொரு வீடாகிவிட்டோம், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் இருவரின் கணவர்களும் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார்கள். மாம்பழம் வருவது மே, ஜூனில். அவர்களுக்கு லீவு கிடைப்பதோ டிசம்பரில். அதனால் எங்கள் தெருவில் பல வீடுகளில் பழத்தை நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். எல்லோரும் வைத்தார்கள், பேர் வாங்கியது லாத்தா மட்டும்தான். பழுத்தும் குழையாத பழமாகத் தடவிப் பார்த்து எடுப்பாள். தோல் சீவி, கொட்டையை ஒட்டி வழித்து, துண்டுகளைத் தட்டில் பரப்பி முதலில் அந்தத் தட்டையே ஃப்ரீசரில் வைப்பாள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கல்லான பிறகுதான் பைக்குள் போடுவாள். பிறகு உறிஞ்சுகுழலை விட்டு உள்ளிருக்கும் காற்றையெல்லாம் இழுத்துவிட்டு வாயைக் கட்டுவாள். ஆறு மாதம் கழித்தும் நாலு துண்டு வேண்டுமென்றால் நாலு துண்டை மட்டும் உதிர்த்து எடுக்கலாம். "பைய செஞ்சா எல்லாம் வரும்ளா" என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நவம்பரில் என் கணவர் போன் செய்வார். பிள்ளைகளை விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி, "மைனி மாம்பழம் எடுத்து வச்சிருக்காவளா?" மைனி என்று அவர் சொல்வது லாத்தாவை. நான் எப்படி இருக்கிறேன் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அவருக்குக் கிடைப்பது நாற்பது நாள் லீவு. அதில் ஒரு நாளாவது நான் வைத்த பழத்தைத் தின்றுவிட்டு அவர் ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு வருடம் மாம்பழக் காலத்திலேயே பக்ரீத் வந்தது. லாத்தாவின் பைகளெல்லாம் எந்த மூலைக்கு என்று நினைத்து, என் கணவர் கொண்டுவந்த பெரிய பால் பவுடர் டின் நிறைய இமாம்பசந்தை நறுக்கித் திணித்தேன். ஃப்ரீசரில் குர்பானிக் கறிக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. டின் மூடியும் கொஞ்சம் நெளிந்திருந்தது. "ஏளா, கறிக்குப் பக்கத்துல வைக்காத, வாடை ஏறிரும்" என்றாள் லாத்தா. எங்கே நான் பேர் வாங்கிவிடுவேனோ என்ற பயத்தில் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். டிசம்பரில் டின்னைக் கவிழ்த்தால் பழம் அசையவில்லை. வெந்நீரில் நிற்க வைத்து, கரண்டியால் குத்தியதில் கூழாக வந்தது. என் கணவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னளா, மாம்பழத்துல கறி வாடை அடிக்கு?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லாத்தா சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் போய்த் தன் பையில் ஒன்றைப் பிரித்து எடுத்து வந்தாள். அவளும் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அந்தப் பை பெரிய மச்சானுக்காக, அதாவது லாத்தாவின் கணவருக்காக, எடுத்து வைத்தது. வருடா வருடம் வருகிறேன் என்பார், கடைசி நேரத்தில் லீவு இல்லை என்று போன் வரும். அப்படியே அஞ்சு வருடம் ஓடிவிட்டது. அவருக்கென்று வைத்ததைத்தான் என் கணவரும் பிள்ளைகளும் தின்றார்கள். ஒரே வீட்டில் இருந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் பொறாமைப்பட்டேன்.

ஆறாம் வருடம் டிசம்பரில் மச்சான் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். என் கணவரும் லீவில் இருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லாத்தா ஒரு தட்டு நிறைய மாம்பழத்தைக் கொண்டுவந்து மச்சான் முன்னால் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சுகர் முந்நூறுக்கு மேல நிக்கி. மாம்பழத்தத் தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு" என்றார். போனில் ஒருநாளும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. லாத்தா தட்டை அடுப்படிக்கே எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

ரோசத்தில் அவள் வைத்த பழத்தை நான் அதுவரை வாயில் வைத்ததில்லை. அன்று ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். காலையில் நறுக்கியது போல் இருந்தது.

"எப்படிளா இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு லாத்தா. ஏன், நீங்க தின்னதில்லையா?"

"அவுக வந்து தின்ன பொறவு தின்னுக்கிடலாம்னு இருந்தேன்."

அப்போதும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. என் கணவருக்காக நான் ஒருநாள்கூட அப்படி வாயைக் கட்டியதில்லை.