பாதியில் நிற்கும் கைப்பிடி

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிற நாளில், எல்லாரும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் மீரா முகைதீன் மட்டும் உள்ளேயே இருப்பார். மெயின் வால்வை அடைப்பார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து மிச்சத் தண்ணீர் சொட்டி முடிகிற வரைக்கும் நிற்பார். பிறகு மாடியிலும் குளியலறையிலும் உள்ள மற்ற வால்வுகளின் கைப்பிடிகளைத் திருப்பி, நேராகவும் இல்லாமல் குறுக்காகவும் இல்லாமல் சாய்வாக நிறுத்துவார். காயல்பட்டினத்துக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் போய்வருவதாக இருந்தாலும் இதேதான்.

“நாம என்ன ஹஜ்ஜுக்கா போறோம்? வாங்களேன்!” என்று அவர் மனைவி ஜுபைதா பீவி ஆட்டோவிலிருந்து கத்துவார்.

மேலப்பாளையத்தில் துபாய்க்காரர்கள் பூட்டிவிட்டுப் போகிற வீடுகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான். அந்த வீடுகளிலும் கைப்பிடிகள் சாய்ந்தே நிற்கும். ஒருமுறை விடுப்பில் வந்த எதிர்வீட்டு முஹ்சின் தெருவில் நின்றே கேட்டான்.

“மாமா, எங்க வீட்டு வால்வு திறந்திருக்கா, மூடியிருக்கா?”

“ரெண்டும் இல்லலே.”

“அப்படி ஒரு வால்வ எந்தக் கடையில வாங்குனீரு?”

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு ‘அரை பிளம்பர்’ என்று பெயர்.

மகள் நஃபீஸத்துக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இயற்பியல் படித்து, ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். தண்ணீர் உறைந்தால் வீங்கும் என்பது அவள் வருடா வருடம் நடத்துகிற பாடம்.

“வாப்பா, அது குளிர் தேசத்துக்கு. இங்க ஐஸ் வேணும்னா கடையிலதான் வாங்கணும்.”

“கைப்பழக்கம்மா” என்பார் அவர். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

பழக்கம் வந்த இடம் கஜகஸ்தான். எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே ஒரு தொழிலாளர் முகாமில் அவர் பிளம்பர். முக்கூடல் இசக்கியப்பனும் அவரும் ஒரே விமானத்தில் போனவர்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே ஊறுகாய் பாட்டில். அங்கே எஞ்சினியர் ஒருவர் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன கேரவன் ஒன்று வைத்திருந்தார். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, வெந்நீர்த் தொட்டி எல்லாம் இரண்டு ஆட்டோவை ஒட்டவைத்த அளவு இடத்துக்குள். கோடையில் அதில் மீன்பிடிக்கப் போவார். குளிர் தொடங்குமுன் அதைப் பனிக்குத் தயார் செய்து நிறுத்துவது இவர்கள் இருவரின் வேலை.

முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியைக் காலி செய்து, அதற்குப் போகிற வழியையும் அதிலிருந்து வருகிற வழியையும் அடைத்துவிட்டு, நடுவில் உள்ள குறுக்குவழி வால்வைத் திறக்க வேண்டும். அப்புறம் உறையாத ரோஸ் நிறத் திரவம் ஒன்றைப் பம்பு வழியாக ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் வருகிற வரைக்கும் ஓடவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, எந்த வால்வையும் முழுதாக மூடாமல் பாதியில் நிறுத்த வேண்டும். அந்த வால்வுக்குள் இருப்பது துளை போட்ட ஓர் உருண்டை. கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் துளையும் நேராகும், தண்ணீர் போகும். குறுக்கே திருப்பினால் துளை சுவரைப் பார்த்துக்கொள்ளும், தண்ணீர் நிற்கும். ஆனால் திருப்புகிற நேரத்தில், ரோஸ் திரவம் எட்டாமல் துளைக்குள் மிஞ்சியிருந்த ஒரு வாய்த் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அது உறைந்து கல்லாகி வீங்கினால் பித்தளையே பிளந்துவிடும். பிளந்தது பனிக்காலம் முழுக்கத் தெரியாது. பங்குனி வாக்கில் மறுபடி தண்ணீர் விடும்போதுதான் தெரியும்.

அப்படித்தான் ஒரு பங்குனியில் தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த வால்வு வெடித்து, கேரவனின் தரை, மெத்தை, மரப்பலகை எல்லாம் ஊறிப்போயின. மேஸ்திரி இருவரையும் நிறுத்திக் கேட்டார், “கட்டிலுக்குக் கீழே பார்த்தது யார்?”

“நான்தான்” என்றார் இசக்கியப்பன். “பாதியில விட்டதாத்தான் நெனப்பு. மூடியிருந்தாலும் மூடியிருப்பேன். சரியா ஞாபகம் இல்ல.”

மீரா முகைதீனுக்கு ஞாபகம் இருந்தது. இசக்கியப்பன் பாதியில்தான் விட்டிருந்தார். கடைசியில் எல்லாம் சரியா என்று குனிந்து பார்த்தவர் இவர். குளிரில் விரல் மரத்திருந்தது. கைப்பிடி எப்படி நிற்கிறது என்று கைக்குப் பிடிபடவில்லை. ஓர் அழுத்து அழுத்தினார். அது குறுக்கே போய் நின்றது. பிறகு பார்க்கலாம் என்று தேநீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. மேஸ்திரி முன்னால் இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. ஒரு வாரத்தில் இசக்கியப்பனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். மீரா முகைதீன் இன்னும் ஏழு வருடம் அங்கே இருந்தார்.

இவ்வளவையும் அவர் நஃபீஸத்திடம் சொன்னது போன ஐப்பசியில், பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு.

“அண்ணனுக்குத் தெரியுமா? உம்மாவுக்கு?”

“ஒருத்தருக்கும் தெரியாது. இசக்கிய வரச்சொல்லு. நானே சொல்லணும். நீ முந்திக்கிட்டுச் சொல்லிராத.”

அவளுக்கு ஏதேதோ நினைவு வந்தது. கல்லூரியில் சேர்ந்த வருடம் வாப்பா அவளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை முக்கூடல் போயிருந்தார். அதற்கு முன் இரண்டு மூன்று தடவை தனியாகக் கிளம்பி, பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டார் என்று உம்மா சொல்வதுண்டு. அன்றைக்கு இசக்கியப்பன் ஓடிவந்து வாப்பாவைக் கட்டிப்பிடித்தார்.

“ஏலே முகைதீனு! கிழவனாயிட்டியலே!”

“நீ மட்டும் என்ன மாப்பிள்ளையாலே?”

அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஆள், தோளெல்லாம் தவிடு. ஏன் பிளம்பர் வேலைக்குப் போகவில்லை என்று நஃபீஸத் கேட்டாள். பீடி சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சித்தாய்தான் பதில் சொன்னாள்.

“இவுகளா? நல்லாக் கேட்ட போ. கதவப் பூட்டிட்டுத் தெருமுக்கு வரைக்கும் போவாக, திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பாக. மறுபடி போவாக, மறுபடி வருவாக. ஊருக்குள்ள இவுக பேரே மறதியப்பன். இந்த ஆள நம்பி எவன் வீட்டுல குழாய் மாட்டுவான்?”

“கூத்து பாக்கியா பிள்ள, கட்டுன பொண்டாட்டியே சொல்லுதா” என்று இசக்கியப்பனும் சிரித்தார். நஃபீஸத்தும் சிரித்தாள். வாப்பா மட்டும் தம்ளரைப் பார்த்தபடி இருந்தார்.

அவள் கூப்பிட்ட மறுநாளே இசக்கியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பை ஆரஞ்சு. நஃபீஸத் வேண்டுமென்றே வராந்தாவுக்குப் போனாள். கதவிடுக்கில் இருவர் பேச்சும் காதில் விழுந்தது.

“அந்தச் சமையக்காரன ஞாபகம் இருக்காலே? உப்புக்குப் பதிலா சோடா மாவப் போட்டானே?”

“அத நீ தின்னுட்டு நல்லாருக்குன்னியேலே!”

சிரிப்பு. இப்போது சொல்வார் என்று நஃபீஸத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இசக்கி.”

“சொல்லுலே.”

“ஆரஞ்சு புளிக்குது.”

ஒரு மணி நேரம் அவர் கையைப் பிடித்தபடியே இருந்துவிட்டு இசக்கியப்பன் போனார். “நாளைக்கு வரச்சொல்லு, சொல்லிருதேன்” என்றார் வாப்பா. அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. விடியுமுன் நினைவு தப்பியது. அடுத்த நாள் உயிர் பிரிந்து மையித்தாக வீட்டுக்கு வந்தார்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் அண்ணன் அனஸ் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். வழக்கமாகக் கேட்பதுதான். “எங்க வாப்பா யாருக்காவது ஏதும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் பொறுப்பு. மனசு நோக நடந்திருந்தா பொறுத்துக்கிடுங்க.” நஃபீஸத் வீட்டில் பெண்களோடு இருந்தாள். இதை அனஸ்தான் வந்து சொன்னான். முக்கூடல் மாமா வெளிவாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார் என்றும் சொன்னான்.

நாற்பது நாள் அவள் அதைச் சுமந்தாள். பள்ளியில் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் வரைந்த குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். அந்த ஏழு வருடச் சம்பளத்தில்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள், கல்லூரியும் போனாள். அந்த ஏழு வருடமும் யாருக்கு வந்திருக்க வேண்டியது? சொன்னால் வாப்பாவின் பெயர் கெடும். சொல்லாவிட்டால் அவர் மூடிய வாயை அவளும் மூடியதாகும். நாற்பத்தொன்றாம் நாள் முக்கூடல் பஸ் ஏறினாள்.

இசக்கியப்பன் வீட்டில்தான் இருந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள், மரத்துப்போன விரலையும் குடிக்கப் போன தேநீரையும் சேர்த்து. கோபப்படுவார், அல்லது ‘விடு பிள்ள, பழைய கதை’ என்பார் என்று நினைத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. அவர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் மூடலயா?”

“நீங்க மூடல மாமா.”

“பாதியிலதான் விட்டேனா?”

“பாதியிலதான் விட்டீங்க. வாப்பா சொன்னாங்க.”

பேச்சித்தாயின் கையில் பீடி இலை அப்படியே நின்றது.

“ஊருக்கு வந்த புதுசுல நாலு வீட்டுல வேல பாத்தேன் பிள்ள” என்றார் அவர். “வீட்டுக்கு வந்து படுத்தா கண்ணு மூடாது. மூடினனா, மூடலயா? எந்திரிச்சுப் போயி அவங்க கதவத் தட்டி, ஒரு தடவ பாத்துக்கிடட்டுமான்னு கேப்பேன். கிறுக்குப் பயன்னாங்க. அதோட வேலச் சாமானெல்லாம் வித்துட்டேன். எங் கையே எனக்கு ஆவாதுன்னு இருந்துட்டேன்.”

பேச்சித்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். “நானும்லா சேந்து சொன்னேன்” என்றாள். “பதினஞ்சு வருசமா மறதி, மறதின்னு நானும்லா சொன்னேன்.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நஃபீஸத் அவர் காலடியில் உட்கார்ந்தாள். “மாமா, வாப்பாவுக்காக நான் கேக்கேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

அவர் அவளை எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“ஆஸ்பத்திரில என்னப் பத்தி வேற ஏதும் சொன்னானா?”

பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. “இல்ல மாமா. நாளைக்கு வரச்சொல்லுன்னு மட்டும் சொன்னாங்க.”

“பள்ளிவாசல்ல உங்கண்ணன் கேட்டாம்லா, யாருக்கும் பாக்கி உண்டான்னு. நான் கையத் தூக்கிச் சொன்னேன், எனக்கு ஒண்ணுமே இல்லன்னு. அத்தன கூட்டத்துல சத்தமாச் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.”

“அதான் மாமா, அதையே இப்பவும்...”

“அப்ப எனக்குத் தெரியாதே பிள்ள.” அவர் எழுந்தார். கோபம் இல்லாத குரல்தான். “நீ கேட்டு நான் சொன்னா அந்தப் பாக்கி கழியாது. உம்மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. அவன் கேக்கட்டும், சொல்லுதேன்.”